ரப்பர் குரங்கும் என் வண்டியும்

மாவட்டச் சிறை,
பெல் கிரீக், ஓக்லஹோமா.
மே 11, 1998

அன்புள்ள மார்வா அக்காவுக்கு,

நலம். நீயும் நலம்தானே. சிறையிலிருந்து கூப்பிட்டால் செலவு உன் தலையில் விழும் என்று நீ போனை எடுப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என்னைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். பெரிய குற்றமெல்லாம் இல்லை. கிரேடி டோல்பர்ட் தன் பழைய கார்க் கடை வாசலில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு ரப்பர் குரங்கைக் காற்றடைத்து நிறுத்தியிருக்கிறானே, அதைக் கத்தியால் கிழித்துவிட்டேன். காரணமே இல்லாமல் என்னை வேலையை விட்டு அனுப்பினவன் அவன். அவனைவிட அந்தக் குரங்குக்கு மூளை அதிகம். ஒரு பலூனுக்காக ஒரு மனிதனை உள்ளே வைப்பார்களா? சில்லறைக் குற்றம் என்று நீதிபதியே சொன்னார். சொல்லிவிட்டு ஆயிரம் டாலர் பிணையும் கேட்டார்.

கூட இருப்பவர்களைப் பற்றி எழுதினால் உனக்குச் சாப்பாடு இறங்காது. ஒருவன் தூக்கத்தில் பேஸ்பால் ஸ்கோர் சொல்கிறான், அதுவும் தப்புத் தப்பாக.

போனுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பெயர் கீறியிருக்கிறது. டெல்ஃபீன் ஸ்ட்ரவுட். காசு வாங்கிக்கொண்டு பிணை கொடுக்கிறவள். நீதிமன்றத்துக்கு எதிரே, டோனட் கடைக்கு அடுத்தது. வேலையில் இருக்கிற யாராவது எனக்காகக் கையெழுத்துப் போட வேண்டுமாம். உன் வண்டிக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு போ. சும்மா பேருக்குத்தான் கேட்பார்கள். உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

உன் தம்பி,
ஹோலிஸ்

-

பெல் கிரீக்,
மே 14, 1998

தம்பி ஹோலிஸுக்கு,

குரங்கைக் கிழித்ததை எழுதினாய். காற்று இறங்கி அது உன்மேலேயே படுத்துக்கொண்டதை எழுத மறந்துவிட்டாய். போலீஸ்காரர் காலைப் பிடித்து இழுத்துத்தான் உன்னை வெளியே எடுத்தாராமே. முதியோர் இல்லத்தில் நான் பீன்ஸ் கிண்டிக்கொண்டிருந்தபோது, "உன் தம்பிய குரங்கு புடிச்சிடுச்சாமே மார்வா" என்று பாத்திரம் கழுவும் டோரீன் கேட்டாள். பல் போன கிழவர்கள் வரை சிரித்தார்கள்.

காரணமே இல்லாமல் அனுப்பினானாம். விற்க வைத்திருக்கும் காருக்குள் நீ மதியம் குறட்டை விடுகிறாய். வாங்க வந்த குடும்பம் கதவைத் திறந்து பார்த்து அலறுகிறது. உனக்கு மாலை போட்டு உட்கார வைப்பானா?

டெல்ஃபீனிடம் போனேன். அவள் நாய் மேசைமேல் படுத்திருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் அவள் பெயர் போட்ட பேனாவும் காலண்டரும் இலவசம். எனக்கு இரண்டிரண்டு கொடுத்தாள். நம் குடும்பத்தை நிரந்தர வாடிக்கையாக எடுத்துக்கொண்டுவிட்டாள் போலிருக்கிறது.

"சொல்றதக் கேட்டுக்கம்மா," என்றாள். "பிணைல பத்துல ஒரு பங்கு என் கூலி. அது போனது போனதுதான். மொத்தத்துக்கும் கோர்ட்டுக்கு நான் பொறுப்பு, எனக்கு நீ பொறுப்பு. வியாழக்கெழம தவறாம அவன் எனக்கு போன் பண்ணணும். ஜூன் நாலாம் தேதி கோர்ட்டுல நிக்கணும். நிக்கலன்னா உன் வண்டிய எடுத்துக்குவேன். அப்ப வந்து அழுதா டிஷ்யூ குடுப்பேன், வண்டி குடுக்க மாட்டேன்."

"அவன் மேல நம்பிக்க போயிடுச்சுன்னா?" என்று கேட்டேன்.

"தேதிக்கு முன்னாடி எப்ப வேணா வந்து கையெழுத்த வாபஸ் வாங்கிக்க. எங்க ஓரன் போயி அவனக் கூட்டியாந்து திரும்ப உள்ள விட்டுடுவான். வண்டி உன்னுதுதான்."

ஓரன் அவளுடைய அக்கா மகன். மூலையில் உட்கார்ந்து டோனட் தின்றுகொண்டிருந்தான். அவன் எழுந்தபோது அறையில் வெளிச்சம் குறைந்தது.

கையெழுத்துப் போட்டேன். ஏன் போட்டேன் என்று எனக்கே எரிச்சலாக இருக்கிறது. வண்டி போனால் இருபது மைல் நடந்தா வேலைக்குப் போவேன்? இந்த வேலை போனால் இந்த வயதில் என்னை யார் எடுப்பார்கள்? அதை மட்டும் உன் மண்டையில் ஏற்றிக்கொள். நாளைக்கு விடுவார்கள். நேராக வீட்டுக்கு வா. சோபாவில் போர்வை போட்டு வைத்திருக்கிறேன். உனக்குப் பிடித்த பீச் பழப் பலகாரம் செய்கிறேன், தின்றுவிட்டு ஒழுங்காக இரு.

உன் அக்கா,
மார்வா

-

ஏரிக்கரை,
மே 26, 1998

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லாமல் வந்ததற்குக் கோபிக்காதே. நீ வேலைக்குப் போயிருந்தாய். உன் ஐஸ் பெட்டியையும் மிச்சமிருந்த பீச் பலகாரத்தையும் எடுத்து வந்தேன். கிளீட்டஸ் மாமா விட்டுப்போன மீன்பிடிக் குடிசையில் இருக்கிறேன். யாரிடமும் சொல்லாதே. போன் பேசினால் அந்த நாய்க்காரி மோப்பம் பிடித்துவிடுவாள். தூண்டில் புழு விற்கிற கடையின் முகவரிக்கு எழுது, வந்து சேரும்.

யோசித்துப் பார்த்தேன். ஒரு ரப்பர் குரங்குக்காக நான் டை கட்டிக்கொண்டு போய், முன் வரிசையில் கிரேடி உட்கார்ந்து பல்லைக் காட்ட, "தப்புதாங்கய்யா" என்று நிற்க வேண்டுமா? அந்த நீதிபதி ஓட்டுகிற காரே அவன் விற்றதுதான். நான் வரவில்லை. டெல்ஃபீன் சும்மா மிரட்டுகிறாள். துருப்பிடித்த உன் வண்டியை வைத்து என்ன செய்வாள், கோழி வளர்ப்பாளா? நீ சின்ன வயதிலிருந்தே காகிதத்தைக் கண்டால் நடுங்குகிறவள். அப்படியே எடுத்துக்கொண்டாலும் டோரீன் வண்டியில் தொற்றிக்கொள். நீ எப்படியும் சமாளித்துவிடுவாய். எப்போதும் அப்படித்தானே.

கெளுத்தி நன்றாக மாட்டுகிறது. என் பூட்ஸ் உன் சோபாவுக்கு அடியில் கிடக்கிறது. இங்கே ஒரே சேறு. வரும்போது கொண்டு வா.

உன் தம்பி,
ஹோலிஸ்

-

பெல் கிரீக்,
மே 28, 1998

தம்பி ஹோலிஸுக்கு,

டோரீனுக்கு வண்டியே கிடையாது. அவளே தினமும் என் வண்டியில்தான் தொற்றிக்கொண்டு வருகிறாள். உன் சோற்றுக்கு வழி செய்கிறவள் எதில் போகிறாள், யாரோடு போகிறாள் என்றுகூட உனக்குத் தெரியாது.

இன்று வியாழக்கிழமை. நீ போன் செய்யவில்லை என்று டெல்ஃபீன் என்னைக் கூப்பிட்டாள். "காய்ச்சல்ல படுத்திருக்கான்" என்று பொய் சொன்னேன். "ஏரிக் காத்து காய்ச்சலுக்கு நல்லதுதான்" என்றாள். அவள் முட்டாள் இல்லை, ஹோலிஸ். முட்டாள் யார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

ஞாயிறு மாலை புழுக் கடை வாசலில் வண்டியோடு நிற்பேன். பூட்ஸும் கொண்டு வருகிறேன். நீ வந்து ஏறிக்கொண்டால் போதும், இதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். கோர்ட்டில் உன் பக்கத்தில் உட்காருவேன். அபராதம் போட்டால் இரண்டு பேருமாகக் கட்டித் தொலைப்போம். கிரேடி சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். வா.

உன் அக்கா,
மார்வா

-

மே 31

அக்கா,

இந்தச் சீட்டைக் கடைக்காரனிடம் கொடுத்து வைக்கிறேன். நான் கோர்ட்டுக்கு வருவதாக இல்லை. பூட்ஸை அவனிடமே கொடுத்துவிட்டுப் போ. டெல்ஃபீன் கேட்டால் என்னைப் பார்க்கவே இல்லை என்று சொல். உனக்குப் பொய் சொல்ல வராது, இருந்தாலும் முயற்சி பண்ணு.

ஹோலிஸ்

-

பெல் கிரீக்,
ஜூன் 2, 1998

ஹோலிஸுக்கு,

ஞாயிறன்று இருட்டும்வரை நின்றேன். கடைக்காரர் உன் சீட்டைக் கொடுத்தார். கடை வாசலிலிருந்தே உன் குடிசை விளக்கு தெரிந்தது. மீன் பொரிக்கிற வாசனை வந்தது. நான் நிற்பது உனக்கும் தெரிந்திருக்கும். பூட்ஸை நான் அவரிடம் கொடுக்கவில்லை.

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டுக் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான் ஓரன். ஞாயிறு தோறும் தேவாலயத்தில் பாடுகிறவர், அவரிடம் மரியாதையாகப் பேசு. பின்பக்க ஜன்னலைப் பார்க்காதே. அது மாமா காலத்திலேயே ஆணியடித்தது, அதையும் அவரிடம் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறேன்.

காலையில் போய்க் கையெழுத்தை வாபஸ் வாங்கினேன். "நல்லா யோசிச்சியாம்மா?" என்று டெல்ஃபீன் கேட்டாள்.

"நாப்பது வருஷமா யோசிச்சாச்சு" என்றேன்.

அவள் நாயைத் தள்ளிவிட்டு டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினாள். வண்டிக் காகிதத்தையும் சேர்த்தே நகர்த்தினாள். நான் அழுதது வண்டிக்காக இல்லை, உனக்காகத்தான். ஓரனோடு போகிற வழியில் அதையும் நினைத்துச் சிரித்துக்கொள்.

வியாழக்கிழமை உன்னைச் சிறையிலிருந்தே கோர்ட்டுக்குக் கூட்டிப்போவார்கள். கிரேடி முன் வரிசையில் இருப்பான். நான் இருக்க மாட்டேன். எனக்கு வேலை இருக்கிறது. போவதற்கு வண்டியும் இருக்கிறது.

உன் பூட்ஸ் ஓரனின் காரில் பின் சீட்டில் இருக்கிறது. சேறு துடைத்து வைத்திருக்கிறேன். உள்ளே போகும்போது கழற்றி வாங்கிக்கொள்வார்கள், வெளியே விடும்போது திருப்பிக் கொடுப்பார்கள். அதை மாட்டிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் நடந்து போ. என் வீட்டுப் பக்கம் மட்டும் வேண்டாம்.

மார்வா பெட்டஸ்