ஜாடியில் ஸ்பிரிட் ஊற்றாமல் சதுப்புநிலத்தைச் சாகடித்தவர் மீது புகார்

அனுப்புநர்:
நீர்ப்பூச்சி மாதிரி சேகரிப்பாளர்
(தற்போது ஜாடி கழுவும் பணியில்),
நீர்நிலை ஆய்வகம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
நீர்நிலைப் பாதுகாப்புத் துறை.

பொருள்: பேருந்து நிலையத்தின் பின்புறச் சதுப்புநிலத்தில் ஒரே வகை உயிரினமே உள்ளது எனத் தரப்பட்ட பொய் அறிக்கையை நிறுத்தி வைக்கவும், அதைத் தந்தவரைச் சேற்றில் இறக்கவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மனுவில் குற்றம் சாட்டப்படுபவர் எங்கள் ஆய்வகத்தின் தலைமை ஆய்வாளர். என் தந்தையின் உடன்பிறந்த தம்பியும் ஆவார். அலுவலகத்தில் 'சார்' என்றும் வீட்டில் 'சித்தப்பா' என்றும் இதுநாள்வரை நா பிறழாமல் அழைத்து வந்தேன். இப்போது இரண்டும் வாயில் வர மறுக்கின்றன. ஆகவே 'மேற்படியார்' என்றே குறிப்பிட அனுமதி வேண்டுகிறேன்.

2. மேற்படி சதுப்புநிலத்தை மண் கொட்டி மூடி வாகன நிறுத்தம் அமைக்கலாமா என முடிவு செய்வதற்காக, அதில் எத்தனை வகைச் சிற்றுயிர்கள் வாழ்கின்றன எனக் கணக்கெடுக்க உத்தரவு வந்தது. இடுப்பளவு ரப்பர் பூட்ஸ் அணிந்து இறங்கியவள் நான். கோரைப் புதர், திறந்த நீர், சேற்றடி என எல்லா இடத்திலும் ஒரே அளவு நேரம் வலை வீசினேன். ஓரிடத்தில் மட்டும் வீசினால் அங்கே குடியிருப்பவை மட்டுமே சிக்கும். வெள்ளைத் தட்டில் கொட்டியபோது நத்தை, அட்டை, நீர்வண்டு, பொடி இறால், சிவப்புப் புழு, தட்டான் குஞ்சு எனத் தட்டே நெளிந்தது. மேற்படியாரும் குனிந்து பார்த்தார்.

3. பிடித்த உயிர்களை, உடனே இறந்து கெடாமல் இருக்கும்படி, கரையிலேயே ஸ்பிரிட் ஊற்றிய ஜாடியில் போட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. காரணம் தட்டான் குஞ்சு. பறக்கும்போது பரம சாதுவாகத் தெரியும் தட்டான், தண்ணீரில் வளரும் பருவத்தில் பக்கத்தில் அசைவதையெல்லாம் பிடித்துத் தின்னும். அன்று மேற்படியார் ஸ்பிரிட் கேனை ஆய்வகத்திலேயே மறந்து வந்திருந்தார். ஓடிப்போய் எடுத்து வருகிறேன் என்றேன். "இந்த வெயில்ல யாரு நிக்கிறது? இந்தத் தண்ணியவே ஊத்தி மூடு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். மறுநாள் அவர் வரவில்லை. அடுத்து வார விடுமுறை. ஜாடிகள் அவர் அறையில் இருந்தன, சாவி அவரிடம் இருந்தது.

4. விடுமுறை கழிந்து திறந்தால், ஒவ்வொரு ஜாடியிலும் கொழுத்த தட்டான் குஞ்சுகள். அடியில் உடைந்த கால்களும் காலி ஓடுகளும். மற்றவற்றைத் தின்றுவிட்டன என்று சொன்னேன். "நீ உள்ள போயி பாத்தியா?" என்று கேட்டுவிட்டு, மிஞ்சியதை எண்ணி, 'ஒரே வகை உயிரினம்; மூடத் தடையில்லை' என்று அறிக்கை எழுதினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை அன்று கண்ணால் கண்டேன்.

5. நிலத்தை மூடுவது பற்றி முடிவெடுக்கும் குழுவின் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர், அப்படியானால் கொக்குகள் அங்கே எதைத் தின்ன வருகின்றன என்று நியாயமாகக் கேட்டார். அதற்கு மேற்படியார் சபையில் சொன்னதை அப்படியே தருகிறேன்: "புடிச்சது எங்க அண்ணன் பொண்ணு. சொந்தமாச்சேன்னு வேலைக்குச் சேத்தேன். அவளுக்கு வலை போடவே வராது." வலை போடத் தெரியாதவள் பிடித்ததை நம்பி நிலத்தை மூடலாமா என்று எவரும் கேட்கவில்லை; அதற்குள் தேநீர் வந்துவிட்டது. அறிக்கை ஏற்கப்பட்டது. நான் ஜாடி கழுவ அனுப்பப்பட்டேன். வரும் திங்கட்கிழமை காலை மண் லாரிகள் வருகின்றன.

6. மனு கொடுக்கப் போகிறேன் என்றதும் என் தாயார், "தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்பாங்க. உனக்கு ஆடலையாடி?" என்று அழுதார். ஆடுகிறது, ஐயா. கோபத்தில் ஆடுகிறது. வீட்டு விஷயத்தை வெளியே கொண்டு போகாதே என்று சித்தி சொல்லி அனுப்பினார். சபையில் என்னை 'அண்ணன் பொண்ணு' என்றவர் அவர் கணவர்தான். எனக்கு வருத்தம் தீர்ந்து வன்மம் மட்டுமே மீந்திருக்கிறது. அதைத் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

7. ஆகவே கோருவது: லாரிகளை நிறுத்தி, மாதிரிகளை மறுபடி எடுக்க உத்தரவிட வேண்டும். மேற்படியாரை இடமாற்றம் செய்யக் கூடாது. அது அவருக்கு ஓய்வு. அதே குழுவினர் கரையில் நிற்க, அவரே பூட்ஸ் அணிந்து கோரைக்குள் இறங்கி வலை வீச வேண்டும். நல்ல வெயிலாகப் பார்த்து நாள் குறிக்க வேண்டும். ஸ்பிரிட் கேன் என் கையில் இருக்கும். எல்லாரும் கேட்கும்படி அவர் என்னிடம் அதைக் கேட்டு வாங்க வேண்டும். உப்பைத் தின்றவர் தண்ணீர் குடித்தே தீர வேண்டும். வலை போட வராதவள் என்று வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் அவர் என்னைப் பற்றிப் பேசியது தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல. அதை நானே கவனித்துக்கொள்கிறேன்.

8. இன்று காலை விடுப்பு எடுத்து அதே சதுப்பில் வலை வீசினேன். கிடைத்ததை இரண்டு ஜாடிகளில் வகைக்கு வகை சமமாகப் பங்கிட்டு இத்துடன் அனுப்புகிறேன். ஒன்றில் ஸ்பிரிட். மற்றதில் மேற்படியார் முறைப்படி வெறும் தண்ணீர். இன்றே பார்த்தால் இரண்டிலும் எல்லாம் இருக்கும். தங்கள் மேசையிலேயே விட்டுவைத்துத் திங்களன்று பார்த்தால், இரண்டாவதில் தட்டான் குஞ்சு மட்டும் இருக்கும். மேற்படியார் செய்தது என்ன என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிராது. ஆனால் அதற்குள் லாரிகள் வந்திருக்கும்.

இன்று பார்த்தால் சதுப்புநிலம் பிழைக்கும். திங்களன்று பார்த்தால் என் பழி தீரும். என் மனம் திங்கட்கிழமையைத்தான் கேட்கிறது. இருந்தும், ஐயா, இன்றே பாருங்கள்.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: ஜாடி கழுவும் அறை

இப்படிக்கு,
மன்னிக்கும் எண்ணம் தற்சமயம் இல்லாத,
(ஒப்பம்)
மாதிரி சேகரிப்பாளர்

குறிப்பு: மனுவைப் பென்சிலில் எழுதியதற்குப் பொறுத்தருள்க. ஜாடி கசிந்தால் ஸ்பிரிட் மையைக் கரைத்துவிடும். பென்சிலை ஒன்றும் செய்யாது.

இணைப்பு: ஜாடிகள் இரண்டு. இரண்டாவதில் விரல் விட வேண்டாம், கடிக்கும்.