சத்தம் போடாத ஷாம்பெயின்

ஞாயிறு, இரவு.

நான் ரிடையர் ஆனதற்காக, சிங்கப்பூர் ஓட்டலில் வேலைபார்க்கும் மகள் ஷாம்பெயின் வாங்கி வந்தாள். விலையைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"குலுக்கித் தொறங்க மாமா, டமால்னு வெடிக்கட்டும்" என்றார் மாப்பிள்ளை.

அனல்மின் நிலையத்தில் முப்பது வருஷம் பாய்லர் பிரஷரைப் பதமாக இறக்கிய கை அதற்குச் சம்மதிக்கவில்லை. கார்க்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பாட்டிலை மெல்லத் திருகினேன். உஸ்ஸென்று மூச்சு விட்டது, அவ்வளவுதான். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. மாப்பிள்ளை முகம் தொங்கிப்போயிற்று.

மகள் என் கையையே பார்த்தாள். "இப்படித் தொறக்கத்தான்ப்பா எங்க ஓட்டல்ல மாசக்கணக்குல பழக்குறாங்க!"

குடித்தால் வெறும் புளிப்பு. பன்னீர் சோடா தேவலை.

ஆனாலும் விலை அதிகம் என்று இனிச் சொல்லமாட்டேன். பிளாண்ட் கேட்டுக்குள் குடும்பத்தை விடமாட்டார்கள். என் வேலையை அவள் கண்ணால் பார்த்தது இன்றுதான்.