பிராஸ்னன் நிலத்தைச் சுற்றிப் பார்த்துவந்த விவரம்

கில்வோரா,
1953 மார்ச் 12

அன்பு மகள் நோனிக்கு உன் சித்தப்பா மோர்ட்டி எழுதுவது. கடவுளும் மாதாவும் காப்பாற்ற இங்கே நான், உன் அம்மா, பதினாலு பசு, ஒரு நொண்டிக் கழுதை எல்லோரும் சுகம், அங்கே ஸ்பிரிங்ஃபீல்டில் நீயும் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் ஜெபமாலையில் உனக்காக ஒரு மணி கூடுதலாகவே உருட்டுகிறோம். உன் ஜனவரிக் கடிதம் வந்தது. பதில் தாமதம் என்று கோபிக்காதே, செவலைக் கிடாரி கன்று போட்டது, அதன் மடியைப் பார்த்துவிட்டு இந்தக் கெர்ரி ஜில்லாவிலேயே இப்படி ஒரு மடி கிடையாது என்று சந்தையில் மூன்று பேர் சொன்னார்கள். இந்த ஒரு கடிதத்தில் மட்டும் எதையும் கூட்டி எழுதாதீர்கள் என்று நீ கேட்டிருக்கிறாய், ஆகவே திருத்திக்கொள்கிறேன், சொன்னது ஒருவர்தான், அவரும் அப்போது பாதி போதையில் இருந்தார்.

நீ எழுதியிருந்ததை நாலு தடவை படித்தேன். டெனிஸ் பிராஸ்னனைக் கட்டிக்கொள்ள உனக்கு இஷ்டம், ஆனால் அவன் அப்பன் ஜெரமையா பிராஸ்னன்தான் உன் அப்பாவைச் சுட்டவன், அந்தப் பெயரை இந்த வீட்டுக்குள் கொண்டுவராதே என்று உன் அம்மா எழுதிவிட்டாள், அவள் ஆசீர்வாதம் இல்லாமல் கோயில் படி ஏற மாட்டேன் என்று நீயும் அங்கே முப்பத்தோரு வயதில் உட்கார்ந்திருக்கிறாய். "சித்தப்பா, உங்க கதை எனக்கு மனப்பாடம், நடந்ததை மட்டும் எழுதுங்க" என்று கேட்டிருக்கிறாய். சரி, எழுதுகிறேன்.

கதை உனக்குத் தெரியும். அயர்லாந்தைவிட்டு இங்கிலீஷ்காரனை விரட்டினோம், அவனோடு ஒப்பந்தம் வந்தது, அதை ஏற்றவர்கள் பச்சை உடுப்புப் போட்டுக்கொண்டு அரசாங்கப் பட்டாளமானார்கள், ஏற்காத நாங்கள் மலைக்கு ஏறினோம், இருபத்துமூன்றாம் வருஷம் மார்ச்சில் மலை முகட்டில் சார்ஜென்ட் பிராஸ்னனின் இருபது பேரை உன் அப்பாவும் நானும் இரண்டே துப்பாக்கியோடு ஒரு பகல் முழுக்க நிறுத்தி வைத்தோம், கடைசிக் குண்டு டெர்மட் அண்ணன் நெஞ்சில் பாய்ந்தது, என் மடியில்தான் உயிர் போனது. இதை நான் உன் அப்பா பெயர் வெட்டிய நினைவுச் சிலுவையடியில் வருஷா வருஷம் சொல்லி வளர்த்தேன், நன்றாகத்தான் வளர்ந்தது. நம் கொள்ளுத்தாத்தா பெரிய தலைவர் டேனியல் ஓ'கானலின் குதிரைக்குத் தண்ணீர் காட்டினார் என்று சொல்வேனே, அதற்காவது யாரோ ஒரு கிழவர் சொன்ன ஆதாரம் இருக்கிறது. இதற்கு ஆதாரம் நான் ஒருவன்தான்.

நடந்தது இது. உன் அப்பா மலையில் ஒரு பதுங்குகுழியில் ஈரத்தில் படுத்துக் காய்ச்சல் வந்து மூச்சு முட்டிக் கிடந்தார். நம் வீட்டிலிருந்து அரை மைல்கூட இல்லை. பட்டாளத்தார் தினமும் வீட்டைச் சோதித்ததால் உன் அம்மாவுக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். ரொட்டியும் பாலும் நான்தான் கொண்டுபோவேன். அப்புறம் அவர்கள் பாலத்தடியில் கூடாரம் போட்டுவிட்டார்கள், நான் பயந்துபோய் மூன்று நாள் மாமன் வீட்டு வைக்கோல் போரில் ஒளிந்துகொண்டேன். எனக்குப் பத்தொன்பது வயது. நாலாம் நாள் விடிகாலையில் சாமியாரின் ஆள் வந்து, பிரேதம் பாலத்தடியில் வண்டியில் இருக்கிறது, பட்டாளம் விலகிப் போய்விட்டது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். உன் அப்பாவின் மேல் ஒரு பச்சைக் கோட்டு போர்த்தியிருந்தது, அரசாங்கக் கோட்டு, கையில் சார்ஜென்ட்டுக்கு உரிய மூன்று பட்டை. அதை நான் ஆற்றில் எறிந்தேன். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை, நானும் சாமியாரின் ஆளும் அங்கேயே துணி சுற்றிப் பெட்டியில் வைத்து மூடினோம், திறக்க வேண்டாம் அண்ணி, பார்க்கிற மாதிரி இல்லை என்று உன் அம்மாவிடம் சொன்னேன். நீ எங்கே இருந்தாய் என்று எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவர் பக்கத்தில்தான் இருந்தேன் என்று சொல்லிவிட்டேன். சுட்டது யார் என்றார்கள், பிராஸ்னன் என்று வாயில் வந்தது.

உன் கடிதம் வந்த மறு வாரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனேன். பெண்ணைக் கொடுக்கிற வீட்டார் மாப்பிள்ளை வீட்டு நிலத்தைச் சுற்றிப் பார்ப்பது முறை, நீங்கள் இருவரும் அமெரிக்காவில் இருந்தால் முறை மாறிவிடுமா, அதனால் வாசலுக்குப் போகாமல் நேரே வயலில் இறங்கினேன். கீழ்ப்பக்கம் கொஞ்சம் கோரை மண்டிக் கிடக்கிறது, மற்றபடி நல்ல நிலம், பசுக்கள் நம்முடையதைவிடக் கொழுப்பு, வேலி நேர். இதை வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன். பிராஸ்னன் கோட்டுப் பையில் கைவிட்டபடி பின்னாலேயே வந்தான், மூன்று வயல் தாண்டும்வரை ஒரு பேச்சும் இல்லை. கடைசியில் வடிகால் அடைத்திருக்கிறதே என்றேன். "முப்பது வருஷத்துல உங்க பக்கத்து ஆளு ஒருத்தன் எங்கிட்ட வாயைத் தொறந்தது இதான் முதல் தடவை, அதுவும் என் வடிகாலைக் குறை சொல்ல" என்றான்.

உள்ளே கூப்பிட்டான். நம் வீட்டில் நம் தலைவர் டி வெலரா படம் இருக்கிற இடத்தில் அங்கே அவர்கள் தலைவர் மைக்கேல் காலின்ஸ் படம், பக்கத்தில் நம்முடையதைப் போலவே இயேசுவின் திரு இருதயப் படம், அதே விளக்கு. அவன் மனைவி உலர்திராட்சை ரொட்டியும் டீயும் வைத்தாள், டீ கொஞ்சம் கருப்பு. நீ ஏன் ஒரு நாளும் மறுக்கவில்லை என்று கேட்டேன். யார் வந்து கேட்டார்கள், நீங்கள்தான் பூசையில்கூட எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தீர்களே என்றான். வாயைத் திறந்தால், மலையில் அகப்பட்டவனைப் பிடித்துவராமல் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தாயா என்று தன் மேலதிகாரிகள் தோலை உரித்திருப்பார்கள் என்றும் சொன்னான். குழியைக் கண்டதும் தன் ஆட்களைக் கீழே அனுப்பிவிட்டு அவன் மட்டும் உட்கார்ந்திருக்கிறான். உன் அப்பா தண்ணீர் கேட்டாராம், குடித்தாராம், அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டதாம். கடைசியில் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். "என்னமோ முணுமுணுத்தாரு. ஜெபமா, பொண்டாட்டி பேரா, எனக்குப் புரியல. புரிஞ்ச மாதிரி சொல்லமாட்டேன்" என்றான். நானாயிருந்தால் பத்து வாக்கியம் தயாராய் வைத்திருப்பேன். அந்த நாற்காலியில் அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை.

அன்று சாயங்காலமே உன் அம்மாவிடம் சொன்னேன். ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வைக்கோல் போரையும் விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவாள், பிராஸ்னனைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். பிசைவதை நிறுத்தாமல், "அப்ப அவருக்குக் குளிரெடுத்திருக்கும்" என்றாள். குண்டு பட்டுச் சட்டென்று போனார் என்று முப்பது வருஷம் அவளுக்கு ஒரு ஆறுதலாவது இருந்திருக்கிறது, அதையும் நான் எடுத்துவிட்டேன். அரை மைல், ஒரு கம்பளியை நான் கொண்டுபோயிருப்பேனே என்றாள், அதைச் சொல்லும்போதும் குரல் உயரவில்லை. மாவை அடுப்பில் வைத்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினாள். என்னிடம் அடுப்படியில் சொன்னது போதாது, கொலைகாரன் என்று ஊரே சொல்கிற வீட்டுக்கு என் மகளை எப்படி அனுப்புவேன், எங்கே நின்று பொய் சொன்னாயோ அங்கேயே நின்று உண்மையைச் சொல், இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டு என்றாள். உன் அம்மா சும்மா மிரட்டுகிறவள் இல்லை, உனக்கே தெரியும்.

ஆகவே போன ஞாயிற்றுக்கிழமை நினைவுநாளில் சிலுவையடியில் சொன்னேன். குழல் வாசித்து முடித்தார்கள், மலர் வளையம் வைத்தார்கள், சாமியார் ஜெபமாலையில் ஒரு பத்து மணி ஐரிஷில் சொன்னார், ஆண்களெல்லாம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வழக்கம்போல என் கதைக்குத் தயாராய் நின்றார்கள். அறுபது பேர் இருப்பார்கள், நூறு என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. உனக்கு மேலே எழுதியதைத்தான் சொன்னேன், இதைவிடக் குறைவாக. மலையில் எங்கள் படைக்குக் கேப்டனாயிருந்த டேட் லூசி, இப்போது கிழவர், கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அப்ப நீ அங்க இல்லவே இல்லையா, மோர்ட்டி?"

"இல்ல கேப்டன்."

"பிராஸ்னன் இருந்தானா?"

"இருந்தான். அவன் மட்டுந்தான் இருந்தான்."

கிழவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார், பின்னாலேயே முக்கால்வாசிப் பேர் போனார்கள். வேலியோரம் நின்ற ஒருத்தி, முப்பது வருஷம் இவன் கதைக்கு அழுத கண்ணீரை யார் திருப்பித் தருவார் என்று எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள். கல்லில் இருக்கிற உன் அப்பா பெயருக்கு ஒன்றும் ஆகாது, கவலைப்படாதே. நாட்டுக்காக உயிர் நீத்தவர் என்றுதான் வெட்டியிருக்கிறது, மலையில் காய்ச்சலில் கிடந்தாலும் அது நாட்டுக்காகக் கிடந்ததுதான் என்று டேட் லூசியே மறுநாள் சாமியாரிடம் சொல்லிவிட்டாராம். மதுக்கடையில் மட்டும் என் பக்கத்தில் யாரும் நிற்பதில்லை. நானும் அரைக் கிளாஸோடு திரும்பிவிடுகிறேன், உடம்புக்கு நல்லதுதான்.

திங்கட்கிழமை காலை உன் அம்மா கருப்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு கழுதை வண்டி பூட்டச் சொன்னாள். பிராஸ்னன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன், நீ வெளியே நில் என்றாள். இரண்டு மணி நேரம். என்ன பேசினார்கள் என்று தெரியாது, தெரிந்த மாதிரி நானும் சொல்ல மாட்டேன். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது, கையில் அந்த வீட்டு ரொட்டி ஒன்று துணியில் சுற்றி இருந்தது. பாலம் தாண்டும்போது, நோனிக்கு எழுது, என் ஆசீர்வாதம் இருக்கிறது, ஈஸ்டர் கழிந்து நாள் பார்க்கட்டும் என்று கழுதையைப் பார்த்துச் சொன்னாள். என்னோடு அதற்கப்புறம் பேச்சில்லை. தட்டு மட்டும் வேளாவேளைக்கு மேஜைக்கு வருகிறது.

மகளே, கடவுள் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் சண்டையில்லாத வீடும் கொடுக்கட்டும். டெனிஸ் நல்ல பையன் என்றால் அவன் அப்பனைப்போல் அளந்து பேசுகிறவனாய் இருப்பான், நம் வம்சத்துக்கு அது கொஞ்சம் தேவைதான். குளிருக்குக் கம்பளிப் பனியன் போட்டுக்கொள், அமெரிக்க வீடுகளில் சூடு இருக்கிறது என்று அலட்சியம் வேண்டாம். கல்யாணப் போட்டோ எடுத்ததும் மறக்காமல் அனுப்பு, இரண்டு பிரதியாக அனுப்பு, ஒன்று எங்களுக்கு, ஒன்று நேரே ஆற்றுக்கு அந்தப் பக்கம். இந்த வரியை வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினேன், அடுப்படியிலிருந்து உன் அம்மா நாலு நாளில் முதல் தடவையாக என்னிடம் பேசினாள். ஒரு பிரதி போதுமாம். பார்த்துவிட்டு அவளே கொண்டுபோய்க் காட்டிக்கொள்வாளாம்.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கி வளர்த்த சித்தப்பா
மோர்ட்டி ஸ்கான்லன்