முப்பத்தொன்றாம் சொல்: லுக் ஆஃப்டர்

2025 மே 12, திங்கள்

முப்பதாவது சொல் முடிந்தது. இன்னும் இருபது. ஆங்கிலத்தில் இரண்டு குட்டிச் சொற்கள் சேர்ந்து வேறொரு பொருள் தருகிற வினைகள் ஐம்பது. ஒவ்வொன்றுக்கும் பொருள், அது வந்த வரலாறு, பயிற்சி. ரியூட்டரி என்று தனிவகுப்பு நடத்தும் பார்த்தீபன் யூலையில் அச்சுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறான். ஐம்பத்தாறு வயதில் எனக்கு எதற்கு இந்த வேலை என்று இன்று மூன்று தடவை என்னையே கேட்டேன்.

அண்ணை காலையில் சேட்டை முன்பக்கம் பின்னாகப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். மாற்றிவிட்டபோது, "நன்றி ரீச்சர்" என்றார். நான் அவருடைய கடைசித் தங்கச்சி என்பது மறந்து ஒரு வருடமாகிறது. மரியாதை மட்டும் மறக்கவில்லை.

பின்னேரம் வாடகை வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். சுவிஸிலிருந்து மகன் குடும்பத்தோடு வருகிறானாம். யூன் முடிய வீட்டை விட்டுத் தரட்டாம்.

மே 14, புதன்

உரும்பிராயில் நாலு வீடு, கோப்பாயில் ஒன்று. எல்லா இடத்திலும் ஒரே கேள்வி.

"ஆர் ஆர் இருக்கப் போறியள்?"

"நானும் அண்ணையும்."

"அவருக்கு என்ன?"

சொன்னதும் முகம் மாறுகிறது. "யோசிச்சுப்போட்டு அறிவிக்கிறம் ரீச்சர்." ஒருவரும் அறிவிக்க மாட்டார்கள்.

எனக்கென்று ஒதுக்கிய சீதனக் காணி மயிலிட்டிப் பக்கம். தொண்ணூறில் விட்டு ஓடியது. அக்கம்பக்கமெல்லாம் ஆமி விட்டுவிட்டது, எங்கள் துண்டு இன்னும் முட்கம்பிக்குள்ளே இருக்கிறது. அந்தக் காணியோடு என் கல்யாணப் பேச்சும் உள்ளே போனதுதான்.

இரண்டு ஒழுங்கை தள்ளி அக்காவின் மேல்மாடி வீடு பூட்டிக் கிடக்கிறது. அண்ணை சவூதி வெயிலில் இருபத்திரண்டு வருடம் நின்று கட்டிய வீடு. நாகேஸ்வரி அக்காவுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்துவிட்டு, தங்கச்சிமார் இரண்டு பேரும் கரைசேரட்டும் என்று தன் கல்யாணத்தைத் தள்ளிவைத்தார். பிறகு அவரை ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

மே 18, ஞாயிறு

ரொறன்ரோவிலிருக்கிற அக்காவுக்குப் போன் எடுத்தேன். மனதுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். கீழே ஒரு அறை போதும், அண்ணையை நான் பார்க்கிறேன், வேறெதுவும் வேண்டாம்.

அக்கா சொன்னாள்: "ஆவணியிலை நிவேதனான்ரை கலியாணம். அந்த வீட்டிலைதான் எண்டு மாப்பிள்ளை பகுதிக்குச் சொல்லிப்போட்டம். அண்ணைக்கு ஏதும் நடந்தால்? செத்த வீட்டுத் துடக்கோடை தாலி கட்டேலுமே? நான் கெட்டவள் இல்லை கௌரி. எனக்கு ஒரே பிள்ளை."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "வீட்டைப் பாக்கச் சம்பளத்துக்கு ஆள் வைச்சிருக்கிறாய். வீட்டைக் கட்டினவரைப் பாக்க ஆர்?" என்று கேட்டுவிட்டேன்.

வைக்க முன்னம் வழக்கம்போல "லுக் ஆஃப்டர் யுவர்செல்ஃப்" என்றாள். கோபத்திலும் அது வந்தது. அங்கே போனவர்கள் எல்லோரும் "போட்டு வாறன்" என்பதற்குப் பதிலாக அதைத்தான் சொல்கிறார்கள். நான் என்னை எப்போது பார்ப்பது? குளிக்கிற நேரத்திலா?

மே 21, புதன்

முப்பத்தொன்று: லுக் ஆஃப்டர். கோபத்தில் இதையே எடுத்துக்கொண்டேன்.

அகராதிகளைப் புரட்டினால், போகிறவரைக் கண்ணால் தொடர்ந்து பார்ப்பது பழைய பொருள்களில் ஒன்று. ஆள் நடக்கிறார், பார்வை பின்னால் போகிறது, அவ்வளவுதான். அதே சொல் தேடுவதற்கும் இருந்திருக்கிறது. எதிர்பார்த்துக் காத்திருப்பதற்கும் இருந்திருக்கிறது. நானூறு வருடத்துக்கு முன்னம் வரப்போகிற கெடுதியை நினைத்து நடுங்கியிருப்பதற்கும் அதையே எழுதினார்கள். பராமரிப்பதும் இவற்றோடு கூடவே வளர்ந்து வந்தது. மற்றவை ஒவ்வொன்றாகக் கழன்றுபோக, இன்று பராமரிப்பதுதான் முக்கியமாக மிஞ்சியிருக்கிறது. தேடுவதை 'லுக் ஃபோர்' எடுத்துக்கொண்டது.

எங்களுக்கு இதில் அதிசயமில்லை. வைத்தியம் பார்க்கிறோம், பிள்ளைப்பேறு பார்க்கிறோம், வழி பார்க்கிறோம், நோயில் கிடக்கிற வருத்தக்காரனைப் பார்க்கிறோம். கண் முதலில் போகிறது, கை பிறகு போகிறது. இதையும் எழுதினேன்.

பார்த்தீபன் வாசித்துவிட்டு, "மிஸ், ஹிஸ்ரியை வெட்டுங்கோ. பிள்ளையளுக்கு மீனிங் மட்டும் காணும்" என்றான். வெட்ட மாட்டேன் என்றேன். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று எனக்கே தெரியவில்லை.

மே 27, செவ்வாய்

அண்ணை காணாமற்போய் அரை மணித்தியாலம் ஒழுங்கை ஒழுங்கையாக ஓடினேன். அக்கா வீட்டுக் கேற்றடியில் நின்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு மாடியைப் பார்த்தபடி.

வீடு பார்க்கிற ஆழ்வாப்பிள்ளையர் உள்ளே கூட்டிக்கொண்டிருந்தார். "ஒரு கரைச்சலும் இல்லை ரீச்சர், சும்மாதான் நிக்கிறார். திறக்கத்தான் எனக்கு ஓடர் இல்லை" என்றார். சொல்லும்போது தலையை நிமிர்த்தவில்லை.

"ஆரின்ரை வீடு இது?" என்று அண்ணையைக் கேட்டேன்.

"வேலை முடியேல்லை. மேஸ்திரியார் வர வேணும்" என்றார்.

மே 30, வெள்ளி

ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன். அங்கே நின்றால் அண்ணை அமைதியாக இருக்கிறார். கத்துவதில்லை, என்னைத் தள்ளுவதில்லை. காலை ஒன்பது மணிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டுப் பதினொன்றுக்குக் கூட்டிவருகிறேன். இரண்டு மணித்தியாலம்! மூன்று நாளில் மூன்று சொல் முடித்தேன்.

சரியா இது? தெரியாது. களைத்துப்போனேன். ஆழ்வாப்பிள்ளையர் ஒரு கண் வைத்திருக்கிறார்தானே.

யூன் 3, செவ்வாய்

அக்காவிடமிருந்து குரல் செய்தி. கேற்றில் கமரா பொருத்தியிருக்கிறதாம். யாராவது நின்றால் அவளுடைய போனில் மணி அடிக்குமாம். "அங்கை ஒன்பதரை எண்டால் இஞ்சை நடுச்சாமம் கௌரி. அவரைக் கூட்டிக்கொண்டு போ."

கேட்டுவிட்டு அழித்தேன். இன்றும் கொண்டுபோய் விட்டேன். வேண்டுமென்றே விட்டேன் என்று இங்காவது எழுதிவைக்கிறேன். அவளும் பார்க்கட்டும் என்று.

யூன் 5, வியாழன்

ஐயோ.

யூன் 6, வெள்ளி

ஆசுப்பத்திரி வாங்கிலிருந்து எழுதுகிறேன்.

நேற்று விட்டுவிட்டு வந்து மேசையில் தலையை வைத்தேன். ஒரு ஐந்து நிமிடம் என்றுதான். போன் அடித்தது. அக்கா. எடுக்காமல் விட நினைத்தேன். திரும்பத் திரும்ப அடித்தது.

"கௌரி, ஓடு! அண்ணை விழுந்திட்டார். கேற்றடியிலை. எழும்புறார் இல்லை. ஓடடி!"

பன்னிரண்டரை மணி. சோளகக் காற்றும் வெயிலும் நெருப்பாக இருந்தது. ஆழ்வாப்பிள்ளையர் அன்றைக்குச் சாவகச்சேரிக்கு வழக்கொன்றுக்குப் போயிருந்தார். அக்கா முதலில் அவருக்குத்தான் போன் எடுத்தாளாம், அவர் வழியில் நின்றாராம். பக்கத்து வீட்டுக்காரரும் நானுமாகத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினோம். நெற்றியில் ஐந்து தையல். உடம்பில் தண்ணீர் இல்லை என்று டொக்டர் திட்டினார். "ஆர் இவரைப் பாக்கிறது?" என்று கேட்டார்.

நான்தான் என்றேன்.

ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பாலிருக்கிறவள் கண்டாள். இரண்டு ஒழுங்கைக்குள் இருந்த நான் நித்திரை.

யூன் 8, ஞாயிறு

நாளைக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவார்களாம். எங்கே கொண்டுபோவது? வாடகை வீட்டுக்கு இன்னும் மூன்று கிழமை. பிறகு? முதியோர் இல்லமொன்றின் போன் இலக்கத்தைத் தாதிப்பிள்ளை தந்தாள். கைப்பைக்குள் வைத்தேன்.

அக்காவிடம் இனி எதுவும் கேட்கிற முகம் எனக்கில்லை.

யூன் 9, திங்கள்

ஆசுப்பத்திரி வாசலில் ஆழ்வாப்பிள்ளையர் ஓட்டோவோடு நின்றார். "அக்கா வீட்டைத் திறக்கச் சொன்னவ" என்றார். அண்ணையை ஏற்றிக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனோம்.

யூன் 22, ஞாயிறு

நாற்பத்தைந்து சொல் ஆகிவிட்டது. கீழ் அறையில் காற்று வருகிறது. ஒவ்வொரு பொருளாகத் தூக்கிவந்து, வாடகை வீட்டின் சாவியையும் கொடுத்தாயிற்று. முப்பத்தொன்றாம் சொல்லின் வரலாற்றுப் பகுதியைப் பார்த்தீபன் கடைசியில் வெட்டித்தான் போட்டான். சண்டை பிடிக்கத் தெம்பில்லை. போகட்டும்.

அண்ணை இனி நடக்க மாட்டார் போல. சாப்பாடும் குறைந்துவிட்டது. இன்னும் இரண்டு மாதம் தாங்குவாரோ தெரியாது என்று டொக்டர் சொன்னதை அக்காவிடம் மறைக்கவில்லை. ஆவணிக்கு முன்னம் வேறு ஏற்பாடு செய்கிறேன், இல்லத்தோடு கதைத்துவிட்டேன், நீ பயப்படாதே என்றேன்.

அக்கா அதை விட்டுவிட்டு வேறொன்று சொன்னாள்.

"ஒவ்வொரு நாளும் அவர் நிக்கிறதை முழுக்கப் பாத்தனான் கௌரி. அந்த மணியை நிப்பாட்டலாம். நான் நிப்பாட்டேல்லை. கூப்பிடவும் இல்லை, திறக்கச் சொல்லவும் இல்லை. படுத்துக்கொண்டு பாத்தனான்."

"நான் நித்திரையாப் போனன் அக்கா" என்றேன். அதை இதுவரை அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

"ஓம், தெரியும்" என்றாள். பிறகு: "மாப்பிள்ளை பகுதியோடை கதைச்சிட்டன். கலியாணம் மண்டபத்திலை. அதுக்குள்ளை ஏதும் நடந்து ஒரு வருசம் பொறுக்க வேணுமெண்டாலும் பொறுப்பம். நீ அவரை ஒரு இடமும் கொண்டுபோகாதை. எது நடக்கிறதெண்டாலும் அந்த வீட்டிலையே நடக்கட்டும்."

போனை வைத்துவிட்டு அண்ணைக்குக் கஞ்சி கொடுத்தேன். நாலு கரண்டி குடித்தார்.