ஒரு மணிக்கு எழுந்திருத்தல்

மார்ச் 4, செவ்வாய்

இல்லை, பசிக்காமல் இல்லை. அம்மாவின் சமையல் பிடிக்காமலும் இல்லை. டப்பா ஏன் பாதியாகத் திரும்பி வருகிறது என்று அவளுக்கு எப்படி விளக்குவது? மதியம் அரை மணி நேரம் இடைவேளை உண்டு. வேலையில் சேர்ந்த அன்றே சொன்னார்கள். ஆனால் எழுந்து போனால், எங்களை மேற்பார்க்கும் மேடத்தின் பெரிய திரையில் நம் பெயர் சிவப்பாகிவிடும். சிவப்பாக யாருக்கும் தைரியமில்லை.

அதனால் மேசை இழுப்பறைக்குள் டப்பா, காதில் ஹெட்போன். வாடிக்கையாளர் பேசும்போது ம்யூட்டை அழுத்திவிட்டு ஒரு வாய். அவர் நிறுத்துவதற்குள் விழுங்கிவிட வேண்டும்.

போனில் வாஷிங் மெஷின் புகார் கேட்கும் பிரிவு. மொழியியல் படித்தவள், அடுத்தவர் வாக்கியம் எவ்வளவு நீளும் என்று கணித்துச் சாப்பிடுகிறேன். படிப்பு வீண்போகவில்லை.

மார்ச் 6, வியாழன்

ம்யூட்டை அழுத்த மறந்தேன்.

ஒரு பெரியவர், மெஷினை ஓடவிட்டுக்கொண்டே பேசினார். எப்படிப்பட்ட சத்தம் என்று கேட்டுவிட்டு வெள்ளரித் துண்டைக் கடித்தேன்.

"இதேதாம்மா! இந்தச் சத்தம்தான்! உங்களுக்கும் கேக்குதா?"

"கேக்குது சார்."

வேறென்ன சொல்வது? பழுது பார்க்க ஆள் அனுப்பப் பதிந்தேன்.

மார்ச் 7, வெள்ளி

கூட்டத்தில் அந்த அழைப்பைப் போட்டுக் காட்டினார்கள். பெயர் சொல்லவில்லை. குரல் போதாதா?

பக்கத்து இருக்கைக்காரர் (வாய் ஓயாததால் 'வானொலி') விழுந்து விழுந்து சிரித்தார். "ஆள் போய்ப் பிரிச்சுப் பாத்தா உள்ள வெள்ளரித் தோட்டமே இருந்திருக்கும் மேடம்!"

"சிரிச்சது போதும். இனிமே சீட்ல யாரும் எதுவும் சாப்பிடக் கூடாது."

"அப்ப எங்க மேடம் சாப்பிடறது?" என் குரல்தான்.

"லஞ்ச் ரூம் இருக்கு. பிரேக் இருக்கு."

"இருக்கு மேடம். யாரும் போய்ப் பாத்ததில்ல."

"உனக்கு இந்த மாசக் கடைசியில கன்ஃபர்மேஷன். ஞாபகம் இருக்குல்ல?"

இருந்தது. நான் நிரந்தரமானால்தான் அம்மா துணிக்கடை வேலையை விட முடியும். ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

ஒரு மணிக்கு எழுந்தேன். சிவப்பு.

லஞ்ச் ரூம் முழுக்க அட்டைப்பெட்டிகள். மேசையில் தூசு. துடைத்து உட்கார்ந்தேன். யாரும் துரத்தாதபோது சாதம் இவ்வளவு மெதுவாகவா இறங்கும்? உப்பு கொஞ்சம் தூக்கல். இத்தனை மாதத்தில் முதல்முறையாகத் தெரிந்தது.

வெட்கமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். கர்வத்தோடு திரும்பினேன்.

மார்ச் 11, செவ்வாய்

தனியாக. முதுகில் எல்லோர் கண்ணும்.

மார்ச் 13, வியாழன்

வானொலி பிடித்துக்கொண்டார். "நீ பாட்டுக்கு மகாராணி மாதிரி எழுந்து போயிடற. ஒரு மணிக்குத்தான் போன் கால் கொட்டுது. எல்லாம் எங்க தலையில விழுதே?"

நியாயம்தான். யோசித்தேன். ஏன் ஒரு மணிக்குக் கொட்டுகிறது? அழைப்பவர்கள் எல்லோரும் வேறு ஏதோ அலுவலகத்திலிருந்து, தங்கள் இடைவேளையில் அழைக்கிறார்கள். அவர்கள் சாப்பிடாமல் அழைக்கிறார்கள், நாங்கள் சாப்பிடாமல் எடுக்கிறோம். கம்பியின் இரு முனையிலும் பசி.

"பாதிப் பேர் ஒரு மணிக்கு, மீதிப் பேர் ஒன்றரைக்குப் போவோம் அண்ணே. இருக்கறவங்க போறவங்களோட போனையும் எடுக்கலாம்."

வாயை மூடிக்கொண்டு விரல்விட்டு ஆட்களை எண்ணினார். வரலாற்று நிகழ்வு.

"சரி, நாளைக்கு என் பேரும் சிவப்பாகட்டும்."

மார்ச் 18, செவ்வாய்

லஞ்ச் ரூம் மேசை பாதி நிறைந்துவிட்டது. அட்டைப்பெட்டிகளை வானொலியே சுமந்து வெளியே வைத்தார். வாயும் கூடவே ஓடியது.

மார்ச் 28, வெள்ளி

கன்ஃபர்மேஷன் மூன்று மாதம் தள்ளிப்போயிற்று. காரணம்: குழுவோடு ஒத்துப்போகவில்லை. எந்தக் குழுவோடங்க? மொத்தக் குழுவும் என்கூடத்தானே உக்காந்து சாப்பிடுது?

பாத்ரூமில் அழுதேன். ச்சே, நான் எதுக்கு அழணும்? பசிச்சுது, சாப்பிட்டேன். அவ்வளவுதானே —

அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன். இன்னும் மூன்று மாதம் அவள் கடைக்குப் போக வேண்டும்.

"போறேன். இப்ப என்ன?" என்றாள். காலி டப்பாவைத் திறந்து பார்த்து மூடினாள். "இத்தனை வருஷமா கவுன்ட்டருக்குப் பின்னால நின்னுக்கிட்டேதான்டி சாப்பிடறேன். உக்காரணும்னு ஒரு நாள் வாயத் திறந்து கேட்டதில்ல. நீ கேட்டிருக்க."

பிறகு சித்தியைப் போனில் அழைத்து மொத்தத்தையும் சொன்னாள். அவள் கதையில் நான் மேசையை ஓங்கித் தட்டியிருந்தேன். திருத்தவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

இன்று எனக்கு ஒன்றரை மணிச் சாப்பாட்டு முறை. லஞ்ச் ரூமில் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. நான் கடைசி வாயில் இருந்தபோது கதவருகே மேடம். கையில் பிரிக்காத ரொட்டிப் பொட்டலம்.

அவர் சாப்பிட்டு நாங்கள் யாரும் பார்த்ததில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பவருக்கு யார் இடைவேளை கொடுப்பது? எனக்கு ஏன் இது இதுவரை தோன்றவேயில்லை?

இரண்டு பேர் அவசரமாக டப்பாவை மூடினார்கள்.

"இடம் இருக்கா?"

"வாங்க மேடம்," என்றேன்.

"அங்க திரையை யாரு பாத்துக்கறா மேடம்?" வானொலியால் சும்மா இருக்க முடியுமா?

"அது எங்கயும் ஓடிடாது."

கன்ஃபர்மேஷன் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. எழுந்து என் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன். டப்பாவைக் கழுவினேன். இருக்கைக்குப் போய் அடுத்த அழைப்பை எடுத்தேன்.