வில்லோ ஓடைப் பாலம் இடிந்து விழவில்லை

அனுப்புநர்:
டார்லா வெட்ஸ்டைன்,
பள்ளிப் பேருந்து ஓட்டுநர்,
புல்வெளிப் பாதைத் தன்னார்வலர் குழு,
நார்ட்பெர்க், வட டகோட்டா.

பெறுநர்:
உயர்திரு பிரென்ட் ஸ்டாவ்ரம் அவர்கள்,
இயக்குநர், மாவட்டப் பூங்காத் துறை,
நார்ட்பெர்க்.

பொருள்: வில்லோ ஓடைப் பாலம் பற்றித் துறை வெளியிட்ட பொய் அறிக்கையைத் திரும்பப் பெறவும், ஓடைக் கரையில் உடனே தடுப்பு வைக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. "தன்னார்வலர்கள் அரைகுறையாகக் கட்டிய பாலம் இடிந்ததால்" திருமதி மார்லிஸ் ஐக்ஹார்ன் விபத்துக்குள்ளானார் என்று தங்கள் துறை உள்ளூர்ப் பத்திரிகைக்கு அறிக்கை கொடுத்துள்ளது. அந்த வாக்கியத்தில் அவர் பெயர் ஒன்றுதான் சரி.

2. தங்களுக்கு முன்பிருந்த இயக்குநரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடுதான் நாங்கள் புல்வெளியிலும் ஓடைப் பள்ளத்திலும் மலை சைக்கிள் பாதை போட்டோம். "மலையே இல்லாத ஊர்ல மலை சைக்கிளா?" என்று காபிக் கடையில் சிரித்தார்கள். சிரித்தவர்கள் ஓடைப் பள்ளத்துச் சரிவில் ஒருமுறைகூடச் சைக்கிளை மிதித்து ஏறியவர்கள் அல்லர். இந்தப் புல்லின் வேர் மண்வெட்டியையே திருப்பி அடிக்கும். வேலை முடிந்து வீடு திரும்பினால் காலுறைக்குள் உண்ணி தேடுவதே தனி வேலை. மழை பெய்தால் பாதை கெட்டுவிடும் என்று நாங்களே அதை மூடிவிட்டு, சைக்கிளைத் தொடாமல் வீட்டில் உட்கார்ந்திருப்போம்.

3. மார்லிஸ்தான் எங்களை முதலில் எதிர்த்தவர். பொதுக் கூட்டத்தில் எழுந்து, "உங்க சைக்கிள் பின்னாடி வந்து சர்ருனு போனா என் குதிரை மிரளும். நான் விழுந்து செத்தா, நீங்களா வந்து என் மாடுகளைப் பாத்துக்குவீங்க?" என்று கேட்டார். கேட்டது நியாயம். சைக்கிளும் குதிரையும் நடப்பவர்களும் சேர்ந்து போகும்படி வளைவுகளை அகலப்படுத்தினோம். குதிரையைக் கண்டால் சைக்கிளை நிறுத்தி, குரல் கொடுக்க வேண்டும் என்று விதி வைத்தோம். அடுத்த சனிக்கிழமை அவரே தம் குதிரை ஜூனிபருடன் வந்து நின்றார். பாலத்துக்கான உத்தரங்களை இழுத்து வந்தது அந்தக் குதிரைதான். "வேலை செய்றது என் குதிரை, பேரு வாங்குறது உங்க சைக்கிளா?" என்று அவர் எங்களைச் சீண்டாத வாரம் இல்லை. குதிரையின் எடையைத் தாங்கும்படி கட்டிய அந்தப் பாலத்தைத் தங்கள் துறைப் பொறியாளரே நடந்து பார்த்து ஒப்புக்கொண்டார்.

4. கடந்த ஏப்ரலில் தங்கள் ஆட்கள் அதைக் கழற்றி எடுத்துப் போனார்கள். காரணத்தைப் பிறகு தொலைபேசியில் தாங்களே சொன்னீர்கள்: "இன்சூரன்ஸ்காரங்க கேள்வி கேட்டாங்க. புதுசா போட்டுக்கலாம்னு கழட்டிட்டோம்." கழற்றும் அதிகாரம் தங்களுக்கு உண்டு, மறுக்கவில்லை. எங்களில் ஒருவருக்காவது சொல்லியிருக்கலாம். ஒரு பலகை வைத்திருக்கலாம், ஒரு கயிறாவது கட்டியிருக்கலாம். பாலம் இறக்கத்தின் அடியில் இருந்தது. மேலிருந்து வருபவருக்குப் புல் மட்டும்தான் கண்ணில் படும்.

5. மே மாதம் ஒரு காலை, பாதையோரம் புல் வெட்டப் போன நான்தான் மார்லிஸையும் ஜூனிபரையும் கண்டேன். குதிரை கடைசி நொடியில் நிற்கப் பார்த்திருக்கிறது. கரையின் ஈரக் களிமண்ணில் அதன் குளம்புகள் சறுக்கிய தடம் நீளமாகக் கிடந்தது. ஜூனிபரின் முன்னங்கால் எலும்பு வெளியே தெரிந்தது. மார்லிஸ் ஓடைக்குள் மல்லாந்து கிடந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை என்றார். ஆம்புலன்சை அழைத்துவிட்டு அவர் தலையைத் தூக்கப் போனேன். "என்னை விடு டார்லா. அது கத்துறது உன் காதுல விழலையா? ராய்க்குப் போன் போடு. துப்பாக்கியோட வரச்சொல்லு" என்றார். அவர் கணவர் ராய் ஆம்புலன்சுக்கு முன்பே வந்துவிட்டார். மனைவியைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார். "முதல்ல அதை முடிச்சு விடுங்க" என்றார் மார்லிஸ். வெடிச் சத்தம் கேட்கும்வரை அவர் கண்ணை மூடவில்லை.

6. அந்தப் பாலத்தின் பலகைகள் இன்றும் தங்கள் துறைக் கிடங்கின் பின்புறம் கிடக்கின்றன. தினமும் பேருந்தில் அந்த வழியாகத்தான் போகிறேன். ஒன்றுகூட முறியவில்லை. இடிந்து விழுந்த பாலம் தன் திருகாணிகளைத் தானே கழற்றி, தன் பலகைகளைத் தானே அடுக்கி வைத்துக்கொள்வதை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை.

7. ஜூலைக் கூட்டத்துக்கு மார்லிஸ் சக்கர நாற்காலியில் வந்தார். தாங்கள், "எங்க அனுதாபம். சரி, அடுத்த விஷயத்துக்குப் போவோம்" என்றீர்கள். அந்த அடுத்த விஷயம், எங்கள் அனுமதியை ரத்து செய்வது. எங்கள் குழுவில் பாதிப் பேர் இப்போது வருவதில்லை. காபிக் கடையில் மார்லிஸ் காதுபடவே, "பாவம், சைக்கிள்காரங்களை நம்பி வீணாப் போச்சு" என்கிறார்கள். "இல்லை, இல்லை" என்று மேசைக்கு மேசை அவர் நாற்காலியை உருட்டிக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதைச் செய்ய வேண்டியவர் தாங்கள்.

ஆகவே, அதே பத்திரிகையில் உண்மையை வெளியிட வேண்டும். அதற்கு முன் ஐக்ஹார்ன் வீட்டுக்கு நேரில் போய், பாலத்தைக் கழற்றியது யார் என்று மார்லிஸ் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் அனுமதியைத் திருப்பித் தரும்படி இந்த மனுவில் கேட்கவில்லை.

இன்னொன்று. நாலு மாதமாகியும் அந்த இடத்தில் தடுப்பு இல்லை. ஞாயிறன்று நான் இரு கரையிலும் வேலிக்கம்பி இழுத்து, சிவப்புத் துணி கட்டிவிட்டு வந்தேன். அனுமதி பெறவில்லை. அது குற்றமென்றால் வழக்குப் போடுங்கள், வந்து நிற்கிறேன். ஆனால் கம்பியை அறுக்க ஆள் அனுப்பினால், அறுத்த பிறகு அவரை அங்கேயே நிற்கச் சொல்லுங்கள், யாராவது வந்தால் கையைக் காட்டி நிறுத்துவதற்கு.

இடம்: நார்ட்பெர்க்
நாள்: செப்டம்பர் 9

பதிலை எதிர்பார்க்கும்,
(கையொப்பம்)
டார்லா வெட்ஸ்டைன்