கேளாத கச்சேரி

மே 10, வெள்ளி

பின்னேரம் பிடிச்ச மழை, விடுகிற பாடில்லை. ஆறு மணிக்குப் பம்பலப்பிட்டியில் கச்சேரி, பேப்பருக்கு நான்தான் விமர்சனம். குடை, பேனை, அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு. எல்லாம் எடுத்தாச்சு, சப்பாத்தும் போட்டாச்சு. டிவியில் மட்ச். ஒரு ஓவர் பாப்பம் எண்டு இருந்தன். பிறகு இன்னொரு ஓவர்.

என்ரை மனிசி: "வெள்ளவத்தைச் சந்தியில செக்கிங்காம். போகத்தான் வேணுமோ?"

நல்ல சாட்டு. சப்பாத்தைக் கழட்டினன்.

அழைப்பிதழைப் பக்கத்தில் வைச்சுக்கொண்டு விமர்சனத்தை எழுதி முடிச்சன். பாட்டுக்காரியை முந்தி ரெண்டு தரம் கேட்டிருக்கிறன், புதுசா என்னத்தைப் பாடப்போறா? வயலின் "இழைந்தது". மிருதங்கம் அல்பிரட், கொட்டாஞ்சேனை, துறைமுகத்தில் கிளாக் வேலையாம். ஆளை முன்பின் தெரியாது. "தனி ஆவர்த்தனத்தில் அரங்கையே கட்டிப்போட்டார்" எண்டு ஒரு வரி போட்டன். புகழ்ந்தா ஆர் கோவிக்கப்போகினம்?

மே 12, ஞாயிறு

விமர்சனம் வந்திட்டுது. ரெண்டு எழுத்துப்பிழை. மத்தியானம் பாரைக் குழம்பு, நல்ல நித்திரை.

நாலு மணிக்கு வாசலில் ஒரு பொம்பிளை, கையில் பேப்பர். அல்பிரட்டின் மனிசி, ரீட்டா. விலாசம் பேப்பர் ஒபிஸில் வாங்கினவவாம். வெள்ளி பின்னேரம் மிருதங்கத்தோடை வெளிக்கிட்ட மனுசன் வீடு திரும்பேல்லை. கொள்ளுப்பிட்டியில் அஞ்சு மணிபோல செக்கிங்கில பஸ்ஸால இறக்கி ஜீப்பில ஏத்திக்கொண்டு போனதை அதே பஸ்ஸில வந்த ஒருத்தர் கண்டவராம். சபாக்காரரும் அவர் வரேல்லை எண்டினம். கச்சேரி மிருதங்கம் இல்லாமலே நடந்ததாம்.

"ஆனா நீங்கள் எழுதியிருக்கிறீங்கள் அண்ணை. அவர் வாசிச்சவர்தானே? நீங்கள் கண்ணால கண்டனீங்கள்தானே?"

முகத்தில் அவ்வளவு ஆசை.

"ஓம்" எண்டிட்டன்.

சீ! நானும் ஒரு மனுசன். மனிசி குசினி வாசலில் நிண்டு எல்லாம் கேட்டவ. ராச்சாப்பாட்டை மேசையில வைச்சிட்டுப் போயிட்டா.

மே 13, திங்கள்

நான் வேலை செய்யிற ஒபிஸில் ஒரு வேலையும் ஓடேல்லை. ஒரே கடிதத்தை ரெண்டு தரம் டைப் அடிச்சன். பேப்பர் ஆசிரியருக்கு போன் எடுக்க ரிசீவரைத் தூக்கி, வைச்சன். திரும்பத் தூக்கி, வைச்சன்.

என்ன பயம்? எழுதுற இடம் போயிடும். மண்டபத்தில் முன்வரிசைக் கதிரை போயிடும். உள்ளது அதுதான். ஒருத்தியின்ரை புருசனைக் காணேல்லை, எனக்குக் கதிரை பெரிசு.

மே 14, செவ்வாய்

ரீட்டா என்ரை ஒபிசுக்கு போன் எடுத்தவ. பொலிசில் முறைப்பாடு எழுதமாட்டினமாம். இவர் புலி இயக்கமில்லை, கலைஞன் எண்டு காட்ட அவவே பேப்பரைக் கொண்டுபோயிருக்கிறா. சார்ஜன்ட் தமிழ் தெரிஞ்ச ஒருத்தனைக் கொண்டு வாசிப்பிச்சிட்டுச் சொன்னானாம், "அஞ்சு மணிக்குப் பிடிபட்டவன் எப்பிடி ஆறு மணிக்கு மேடையில இருந்தவன்? போய் வேற பொம்பிளை வீட்டில தேடு." சபாக்காரர் பொலிசுப் பக்கம் வரப் பயம்.

"நீங்கள் வந்து சொல்லுங்கோ அண்ணை, எத்தினை மணிக்கு மண்டபத்தால வெளிக்கிட்டவர் எண்டு."

நான் அச்சடிச்ச பொய் அந்த மனுசனைப் பிடிக்கவேயில்லை எண்டு சாட்சி சொல்லுது. நாளைக்கு வாறன் எண்டன். மனிசியிட்டைச் சொன்னன்.

"இப்பவாவது போங்கோ."

மே 15, புதன்

லீவு. வெயில். ரீட்டாவோடை பொலிசுக்குப் போய் சார்ஜன்டுக்குச் சிங்களத்தில் சொன்னன்: நான் கச்சேரிக்குப் போகேல்லை, வீட்டில மட்ச் பாத்தனான், எழுதினது முழுக்கப் பொய். ரீட்டாவுக்குத் தமிழில் சொல்லத் திரும்பினன். தேவைப்படேல்லை. கொட்டாஞ்சேனைக்காரி, சிங்களம் என்னைவிட நல்லாத் தெரியும்.

சார்ஜன்ட் சிரிச்சான். "மாத்தயா, மட்ச்சில ஆர் வெண்டது?"

பிறகு புத்தகத்தை விரிச்சு முறைப்பாட்டை எழுதினான். அஞ்சு நாள் பிந்தி. நான் கையெழுத்து வைச்சன். அல்பிரட் எங்கை எண்டு இன்னும் தெரியாது, விசாரிப்பமாம்.

வெளியில வந்து, ஏசுவா, காறித் துப்புவா எண்டு நிண்டன். ரீட்டா கைப்பையால அந்தப் பேப்பரை எடுத்தா.

"பிள்ளையளுக்கு இதை வாசிச்சுக் காட்டினனான். அப்பா அரங்கையே கட்டிப்போட்டவராம் எண்டு. அண்ணை, அவர் வாசிச்சதை நீங்கள் ஒருநாளாவது கேட்டிருக்கிறீங்களோ?"

இல்லை எண்டன்.